ரெண்டே ரெண்டு படுக்கை... சின்னாளப்பட்டிக்கு வந்த டாக்டரம்மா சௌந்தரம்!

திண்டுக்கல்லுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பிரியாணி. அடுத்து, பூட்டு. கொஞ்சம் யோசிச்சா மலைக்கோட்டை, சிறுமலை வாழைப்பழம். சரி, அடுத்த தடவை திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு பஸ்ல போறப்போ போனை கொஞ்ச நேரம் பைக்குள்ள வெச்சுட்டு ஜன்னல் பக்கம் பாருங்க. ஊரைத் தாண்டி கொஞ்ச தூரத்துல, ஒரு பக்கம் சிறுமலை கூடவே வரும். இன்னொரு பக்கம் சமவெளி விரியும். அந்த வழியில காந்திகிராமம்னு ஒரு நிறுத்தம். பக்கத்துலயே சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டி.

காந்திகிராமம்னா அங்கிருக்கிற பல்கலைக்கழகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா, அதுக்கும் முன்னாடி அந்த மண்ணுல முளைச்சது ஒரு சின்ன கிளினிக். மொத்தமே ரெண்டு படுக்கை. அதைத் தொடங்கினவங்க, நினைச்சிருந்தா மதுரையில பெரிய ஆஸ்பத்திரியே கட்டி உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு பெண் டாக்டர். பேரு டி.எஸ்.சௌந்தரம். அவங்க கதையைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப்போறேன்.

டி.வி.எஸ். வீட்டுப் பெண்

நீங்க ஓட்டுற வண்டியில டி.வி.எஸ்-ன்னு எழுதியிருக்குல்ல? அந்த எழுத்துகளுக்குச் சொந்தக்காரர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1911-ல் தொழில்ல இறங்கி, பஸ் விட்டு, மதுரையைத் தலைமையிடமா வெச்சு வளர்ந்தவர். அவரோட பஸ் வர்ற நேரத்தைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைச் சரி பண்ணிக்குவாங்கன்னு இன்னைக்கும் அந்தப் பக்கத்துப் பெரியவங்க சொல்வாங்க. அவருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் மகளாக 1904 ஆகஸ்ட் 18-ல் பிறந்தவங்க சௌந்தரம்.

பணத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனா அந்தக் காலத்து வழக்கம் பணக்கார வீட்டையும் விட்டு வைக்கலை. நீங்க பள்ளிக்கூட பேக் தூக்கிட்டுத் திரிஞ்ச வயசுல, அவங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சது. மாப்பிள்ளை சொந்தக்காரர்தான். பேரு சௌந்தரராஜன். பின்னாளில் டாக்டர் ஆனார். பிளேக் நோய் பரவினப்போ நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அங்கேதான் அவருக்கும் தொற்று வந்துச்சு. சின்ன வயசிலேயே இறந்துபோனார்.

கொரோனா காலத்துல டாக்டர்களும் நர்ஸுகளும் வார்டிலேயே தொற்று வாங்கி உயிர்விட்ட செய்திகளை நாம தினமும் படிச்சோமே... அதே மாதிரியான மரணம். வீட்ல மிஞ்சினது, வாழ்க்கையையே இன்னும் தொடங்காத ஒரு இளம் விதவை.

அன்னைக்கு ஒரு ஐயங்கார் வீட்டு விதவைக்கு என்ன எழுதிவெச்சிருந்தாங்கன்னு நான் விளக்க வேண்டியதில்லை. மொட்டைத் தலை, வெள்ளைச் சேலை, ஒரு மூலை. விதவை மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனா சட்டம் தாளில் இருந்துச்சு, வழக்கம் வீட்டுக்குள்ள இருந்துச்சு. இந்த இடத்துல சௌந்தரத்தோட அப்பா-அம்மா செஞ்ச காரியம்தான் பெரிசு. மகளை மூலையில உட்கார வைக்காம, படிக்க அனுப்பினாங்க. அதுவும் டாக்டருக்கு. அதுவும் டெல்லிக்கு.

ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அக்கா

டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி 1916-ல் பெண்களுக்காகவே தொடங்கப்பட்டது. சௌந்தரம் அங்கே படிச்சு 1936-ல் எம்.பி.பி.எஸ். முடிச்சப்போ அவங்க வயசு 32-ஐ நெருங்கியிருந்துச்சு. கூடப் படிச்ச பெண்களைவிட எத்தனையோ வருஷம் பெரியவங்க. நம்ம வயசு ஏறிப்போச்சு, இனிமே என்ன படிப்புன்னு 25 வயசுலயே சலிச்சுக்கிறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்குங்க.

அந்தக் கல்லூரியில கிடைச்ச சிநேகிதிதான் சுசீலா நய்யார். சௌந்தரத்தைவிட 10 வயசு சின்னவங்க. காந்தியோட ஆசிரமத்துக்கு நெருக்கமானவங்க. பின்னாளில் அவரோட மருத்துவராவே இருந்தவங்க. சுசீலா வழியாத்தான் சௌந்தரத்துக்கு காந்தி அறிமுகம் ஆனார். டாக்டர் படிப்பு ஒரு பக்கம், சுதந்திரப் போராட்டம் ஒரு பக்கம்னு அவங்க வாழ்க்கை ரெண்டு தண்டவாளத்துல ஓட ஆரம்பிச்சது.

அதே சமயத்துலதான் ஜி.ராமச்சந்திரனைச் சந்திச்சாங்க. கேரளத்து நெய்யாற்றின்கரைக்காரர். சாந்திநிகேதன்ல படிச்சவர், தீண்டாமைக்கு எதிரா வேலை செஞ்சுட்டிருந்தவர். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. கல்யாணம் பண்ணிக்கணும்னு முடிவு பண்ணாங்க. வேறு சாதி, வேறு மொழி, பெண்ணோ விதவை. வீட்ல என்ன நடந்திருக்கும்? எதிர்ப்புதான்.

விஷயம் காந்திகிட்ட போச்சு. அவர் போட்ட நிபந்தனை கொஞ்சம் கடுமையானது: ரெண்டு பேரும் ஒரு வருஷம் பிரிஞ்சு இருக்கணும், எந்தத் தொடர்பும் கூடாது, அப்புறமும் மனசு மாறலைன்னா கல்யாணம். நினைச்சுப் பாருங்க, நம்மளால ஒரு நாள் வாட்ஸ்அப் புளூ டிக் வராம இருக்க முடியுமா? அவங்க ஒரு வருஷம் காத்திருந்தாங்க. மனசு மாறலை. 1940 நவம்பர் 7-ல் காந்தியோட ஆசியோட கல்யாணம் நடந்துச்சு. மணமக்கள் உடுத்தினது, காந்தியும் கஸ்தூரிபாவும் நூற்ற நூலில் நெய்த கதர்.

ஒரு மரணமும் ஒரு கோடி ரூபாயும்

1944 பிப்ரவரி 22. புனே ஆகாகான் மாளிகையில சிறைப்பட்டிருந்த கஸ்தூரிபா இறந்துபோனாங்க. அவங்க பேர்ல நாடு முழுக்க ஒரு நிதி திரட்டினாங்க. காந்தியோட 75-வது பிறந்தநாளுக்குள்ள 75 லட்சம் சேர்க்கணும்ங்கிறது இலக்கு. ஒரு கோடியைத் தாண்டி வந்துச்சு. அந்தப் பணம் சிலை வைக்கவோ மண்டபம் கட்டவோ இல்லை. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான்னு முடிவாச்சு. இப்படிப் பிறந்ததுதான் கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை. தென்னிந்தியப் பகுதிக்குப் பொறுப்பாளரா காந்தி நியமிச்சது, டாக்டர் சௌந்தரத்தை.

பதவி கிடைச்சாச்சு. எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறது? சென்னையில இருந்திருக்கலாம். அப்பா வீடு இருக்கிற மதுரையில இருந்திருக்கலாம். அவங்க தேர்ந்தெடுத்தது, அப்போ மதுரை மாவட்டத்துல இருந்த சின்னாளப்பட்டிப் பக்கத்துக் கிராமப்புறத்தை. 1947 அக்டோபர் 7-ல் காந்திகிராமத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. சுதந்திரம் கிடைச்சு ரெண்டு மாசம்கூட முழுசா ஆகலை. அப்போ சௌந்தரத்துக்கு 43 வயசு.

ஓ.பி. சீட்டு எழுதுறது சின்ன விஷயமா?

இன்னைக்கு நாம ஓ.பி.ன்னு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுறோம். காலையில போறோம், சீட்டு வாங்குறோம், டாக்டரைப் பார்க்கிறோம், மருந்து வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுறோம். படுக்கையில சேர வேண்டாம். இந்த எளிமையான ஏற்பாடு ஒரு கிராமத்துக்கு என்ன அர்த்தம் தரும்னு புரியணும்னா, அன்னைய இந்தியாவோட நிலைமை தெரியணும்.

சுதந்திரம் வந்த சமயத்துல ஒரு இந்தியரோட சராசரி ஆயுள் 32 வருஷம். ஆமாங்க, சௌந்தரம் எம்.பி.பி.எஸ். முடிச்ச வயசு! 1951 கணக்குப்படி, பிறக்கிற 1,000 குழந்தைகள்ல சுமார் 146 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கிறதில்லை. பிரசவம் வீட்லதான், மருத்துவச்சி கையாலதான். தொப்புள்கொடியை எதால அறுக்கிறாங்க, அது சுத்தமா இருந்துச்சாங்கிறதுல இருந்தே குழந்தையோட விதி ஆரம்பிச்சுடும். ஜன்னி கண்டு இறந்த பிஞ்சுகளுக்குக் கணக்கே கிடையாது.

ஆஸ்பத்திரியே இல்லையான்னு கேட்பீங்க. இருந்துச்சு. மதுரையில எர்ஸ்கின் ஆஸ்பத்திரி இருந்துச்சு. இன்னைக்கு அதுதான் அரசு ராஜாஜி மருத்துவமனை. ஆனா ஒரு நெசவாளி வீட்டுப் பொண்ணு மதுரைக்குப் போய் வரணும்னா ஒரு நாள் போயிடும். ஒரு நாள் தறி நின்னா ஒரு நாள் கூலி போச்சு. கூட ஒரு ஆள் வரணும். வண்டிச் செலவு இருக்கு. அங்கே இருக்கிறது ஆண் டாக்டர்னா, பல பெண்கள் வாயைத் திறந்து வியாதியைச் சொல்லவே மாட்டாங்க. இத்தனையும் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றப்போ, நோய் முத்திப்போயிருக்கும்.

அதனால கிராமத்து ஓ.பி.ங்கிறது வெறும் மருந்து கொடுக்கிற ஜன்னல் இல்லை. நோய் சின்னதா இருக்கிறப்பவே ஆள் வர்றதுக்கான வழி. நடந்து வர்ற தூரம், புரியுற மொழி, கூச்சப்படாம பேசக்கூடிய ஒரு பெண் டாக்டர். மூணும் ஒண்ணா சேரணும். சின்னாளப்பட்டியில ரெண்டு படுக்கையோட தொடங்கின அந்த கிளினிக்ல மூணும் சேர்ந்துச்சு. அதுதான் பின்னால கஸ்தூரிபா மருத்துவமனையா வளர்ந்துச்சு.

இன்னொண்ணையும் சேர்த்துப் பாருங்க. நாட்டுல ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேணும்னு போர் கமிட்டி அறிக்கை கொடுத்தது 1946-ல். சமுதாய வளர்ச்சித் திட்டத்தோட சேர்ந்து அவை வரத் தொடங்கினது 1952-ல். சின்னாளப்பட்டி கிளினிக் அதுக்கு 5 வருஷம் முந்தினது. அரசாங்கத்தோட திட்டம் கிராமத்துக்கு வர்ற வரைக்கும் சௌந்தரம் காத்திருக்கலை.

1, 2, 11

நம்ம மாநிலத்துல ஆஸ்பத்திரி வரலாறு ஒரு வேடிக்கையான கணக்கு. வேலூர்ல ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோட தொடங்கினாங்க, அது சி.எம்.சி. ஆச்சு. சின்னாளப்பட்டியில சௌந்தரம் தொடங்கினது 2 படுக்கை. மதுரையில டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோட தொடங்கினது அரவிந்த் கண் மருத்துவமனை. மூணு பேருமே பெரிய கட்டடத்துக்காகக் காத்திருக்கலை. இருக்கிற இடத்துல, இருக்கிற ஆட்களோட, முதல் நோயாளியைப் பார்த்தாங்க.

ஆனா ஒரு டாக்டர் நல்லா வைத்தியம் பார்க்கிறது வேற. ஒரு வட்டாரத்துக்கே மருத்துவ சேவையைக் கட்டியெழுப்புறது வேற. ரெண்டாவது வேலைக்கு ஸ்டெதஸ்கோப் மட்டும் போதாது. ஒரே ஆள் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்துட முடியும்? டாக்டர் கை எட்டாத வீட்டுக்கு யார் போறது? சௌந்தரத்தோட தலைமை இந்தக் கேள்வியிலதான் வெளிப்பட்டது.

அவங்க கண்ட பதில், அந்த ஊர்ப் பெண்களே. கஸ்தூரிபா அறக்கட்டளையோட முக்கியமான வேலையே கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறதுதான். அதிகம் படிக்காத பெண், கணவனை இழந்த பெண், வீட்டால கைவிடப்பட்ட பெண்... இவங்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமத்துக்கே திருப்பி அனுப்புறது. ஆஸ்பத்திரி ஓரிடத்துல இருக்கும்; அதோட கண்ணும் காதும் ஊர் ஊரா நடக்கும். ஒரு காலத்துல மூலையில உட்கார வைக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு விதவை, மத்த பெண்களை அந்த மூலையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பினாங்கன்னு நினைச்சுப் பார்த்தா, அந்தக் கிளினிக்கோட மதிப்பு வேற மாதிரி தெரியும்.

காந்திகிராமமும் ஆஸ்பத்திரியோட நிக்கலை. பள்ளிக்கூடம், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம், சித்த-ஆயுர்வேத மருந்து தயாரிக்கிற லக்ஷ்மி சேவா சங்கம், கதர்னு கிளை விட்டுச்சு. 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்துச்சு. அதுதான் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. வயிறு காயற வீட்டுக்கு டானிக் எழுதிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லைன்னு எந்தக் கிராமத்து டாக்டருக்கும் தெரியும். காந்திகிராமத்துல அதுக்கு ஒரு நிறுவனமே உருவாச்சு.

ஆத்தூர் சொன்ன பாடம்

அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம். இந்த ஆத்தூர் சேலம் ஆத்தூர் இல்லை. திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர். 1959-ல் அந்த வட்டாரத்துல காந்திகிராமம் ஒரு முன்னோடித் திட்டத்தைக் கையில எடுத்துச்சு. குடும்பநலத்தையும் பொது சுகாதாரத்தையும் சேர்த்து, சுமார் ஒரு லட்சம் ஜனங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற திட்டம். 1964-ல் இதுக்காகவே தனி நிறுவனமும் அமைஞ்சது.

குடும்பக் கட்டுப்பாடுன்னா அன்னைக்கு வாய்விட்டுப் பேசவே கூச்சப்படுற விஷயம். அதை எப்படிப் பேசுறது? அதிகாரி ஜீப்ல வந்து உத்தரவு போட்டாலா கேட்பாங்க? ஊருக்குள்ள மதிப்பிருக்கிற ஆட்களைக் கண்டுபிடிச்சு அவங்க மூலமா பேசினாங்க. துணை செவிலியர் வீடு தேடிப் போனாங்க. தாய்க்கும் குழந்தைக்கும் வைத்தியம், பிரசவம், குடும்பநலம் எல்லாத்தையும் ஒரே கைல சேர்த்தாங்க. பிறந்த குழந்தை பிழைக்கும்னு ஒரு தாய்க்கு நம்பிக்கை வந்தாத்தான் அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட யோசிப்பாங்கிறதுதான் இதுக்குள்ள இருக்கிற கணக்கு. 1959-ல் ஆயிரத்துக்கு சுமார் 43-ஆ இருந்த பிறப்பு விகிதம், 1968-ல் சுமார் 28-ஆ இறங்குச்சு. ஆத்தூர் அனுபவம்னு துறைசார்ந்தவங்க அதைப் பேசினாங்க, எழுதினாங்க.

இதுல என்ன பெரிசுன்னு கேட்கிறீங்களா? அடுத்த பத்து வருஷத்துல நாட்டுல நடந்ததைப் பாருங்க. நெருக்கடி நிலை காலத்துல, 1976-77 ஒரே வருஷத்துல 80 லட்சம் பேருக்கும் மேல கருத்தடை அறுவை சிகிச்சை நடந்துச்சு. இலக்கு, மிரட்டல், சம்பளம் நிறுத்தம், கட்டாயம். அதுக்கப்புறம் பல மாநிலங்கள்ல ஜனங்க சுகாதார ஊழியரைப் பார்த்தாலே ஓடினாங்க. ஓ.பி.க்கு வர்ற காலடியை நிறுத்துறதுக்கு இதைவிடப் பெரிய வழி இல்லை. ஒரு ஆஸ்பத்திரிக்கு ஜனங்க வர்றது கட்டடத்தை நம்பி இல்லை. அங்கே நம்மளை மனுஷனா நடத்துவாங்கங்கிற நம்பிக்கையில. அதைச் சம்பாதிக்க வருஷக்கணக்கு ஆகும். தொலைக்க ஒரு சீசன் போதும்.

கோட்டைக்குப் போனாலும்...

சௌந்தரம் அரசியலுக்கும் போனாங்க. 1952-ல் ஆத்தூர் தொகுதியிலும், 1957-ல் வேடசந்தூரிலும் ஜெயிச்சு சட்டமன்றத்துக்கு. 1962-ல் திண்டுக்கல் எம்.பி. மத்தியில கல்வித்துறை துணை அமைச்சர். அதே காலகட்டத்துல மத்திய சுகாதார அமைச்சர் யார் தெரியுமா? லேடி ஹார்டிஞ்ச் சிநேகிதி சுசீலா நய்யார்! ஒரே கல்லூரியில படிச்ச ரெண்டு பெண் டாக்டர்கள், ஒரே ஆட்சியில அமைச்சர்கள். 1962-லேயே பத்மபூஷண் விருதும் சௌந்தரத்துக்குக் கிடைச்சது.

எல்லாமே வெற்றியா முடிஞ்சிடலை. 1967 தேர்தல்ல தி.மு.க. அலை அடிச்சது. திண்டுக்கல்ல சௌந்தரம் தோத்துப்போனாங்க. பதவி போச்சு. ஆனா அவங்க கட்டின ஆஸ்பத்திரி எந்தத் தேர்தல்லயும் தோற்கலை. ஆட்சி மாறினாலும் அங்கே பிரசவம் நடந்துச்சு; காலையில ஓ.பி. வரிசை நின்னுச்சு.

1984 அக்டோபர் 21-ல், 80 வயசுல சௌந்தரம் மறைஞ்சாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் மதுரையிலிருந்து பிரிஞ்சு திண்டுக்கல் தனி மாவட்டம் ஆச்சு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை அவங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டுச்சு.

உங்களுக்கு ஒரு வார்த்தை

நீங்க நர்சிங் படிக்கிறவங்களா இருக்கலாம். எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு எந்த ஊர்ல உட்காரலாம்னு யோசிக்கிறவங்களா இருக்கலாம். இல்லை, மருத்துவத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லாம, ஊர்ல ஏதாவது நல்லது தொடங்கணும்னு மட்டும் நினைக்கிறவங்களா இருக்கலாம். யாரா இருந்தாலும் சௌந்தரம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்க ஒரு விஷயம் இருக்கு.

அவங்க வாழ்க்கையில கைவிட்டுட்டு உட்கார நிறைய காரணம் இருந்துச்சு. கணவன் இறந்தது ஒண்ணு. படிப்பு தாமதமானது ஒண்ணு. வீட்டு எதிர்ப்பு, ஒரு வருஷப் பிரிவு, தேர்தல் தோல்வின்னு வரிசையா வந்துச்சு. மறுபக்கம், சொகுசா இருக்கவும் காரணம் இருந்துச்சு. அவங்க அப்பா பேர் அப்படி. ரெண்டையும் விட்டுட்டு, சின்னாளப்பட்டியில ரெண்டு படுக்கையைப் போட்டாங்க. நூறு படுக்கைக்குப் பணம் சேரட்டும்னு காத்திருந்தா, அதுக்குள்ள எத்தனை தாய் போயிருப்பாங்க?

அடுத்த தடவை மதுரை ரோட்டுல போறப்போ காந்திகிராமம் நிறுத்தத்துல பஸ் நின்னா, இறங்குற கூட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க. கையில குழந்தையோட ஒரு பொண்ணு, பக்கத்துல மஞ்சள் பையோட அவளோட அம்மா இறங்கலாம். அவங்க ஆஸ்பத்திரிக்குப் போறவங்களா இருந்தா, டாக்டர் சௌந்தரம் யாருன்னு அவங்களுக்குத் தெரியாமக்கூட இருக்கலாம். ஆனா அவங்க நடந்து போற வழி, ஒரு காலத்துல அந்த டாக்டரம்மா போட்டுவெச்சது.